கோமுகி அணையில் நின்ற கார்

ரெஜினாவின் காரில் ரேடியோ கெட்டுப்போய் ரொம்ப நாளாகியிருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலைமேல் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு அவள் அந்தக் காரில்தான் தினமும் போய்வந்தாள். அங்கே மருந்து கொடுக்கும் வேலை. அவள் சம்பளத்தில் வாங்கிய கார். பக்கத்து சீட்டில் அதே ஆஸ்பத்திரியின் நர்ஸ் எழில்மதி வருவாள். இருவரும் பேசித் தீர்த்த பிறகும் பாதை மிச்சமிருக்கும். வண்டியில் பாட்டு கேட்க ஏதாவது வைத்தால் நன்றாயிருக்கும் என்று வீட்டில் சொன்னது ரெஜினாதான்.

அந்த வாரமே, ஞாயிறு பூசை முடிந்ததும், அவள் கணவன் ஆல்பர்ட் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அவனுக்கு ஆபீஸ் வேலை. வீட்டுக் காரியத்துக்குத் தானாக எழுந்திருக்கிற ஆள் இல்லை. சாயங்காலம் கார் திரும்பியபோது பழைய ரேடியோ இருந்த இடத்தில் பெரிய தொடுதிரை ஒன்று மின்னியது. பாட்டு, படம், வழி சொல்லும் மேப், ரிவர்ஸ் எடுத்தால் பின்பக்கத்தைக் காட்டும் கேமரா.

"இவ்ளோ எதுக்குங்க? பாட்டு போதும்னுதான சொன்னேன்."

"மலைக்குப் போற வண்டி. மேப்பு இருந்தா நல்லதுதான."

வருஷக்கணக்காகப் போகும் ஒரே சாலைக்கு மேப் எதற்கென்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் கணவன் தனக்காக ஒரு நாள் முழுக்கக் கடையில் காத்திருந்தானே என்று மகிழ்ந்தாள். எழில்மதிக்கு அவளைவிட சந்தோஷம். மேப்பில் பேசும் பெண் குரல் ஊர்ப்பெயர்களைக் கடித்துத் துப்புவதைக் கேட்கவே காலையில் அதைப் போடச் சொல்வாள்.

அதற்குப் பிறகுதான் ஆல்பர்ட் மத்தியானத்தில் போன் செய்ய ஆரம்பித்தான்.

"எங்க இருக்க?"

"ஆஸ்பத்திரியிலதாங்க."

"ம்" என்று வைத்துவிடுவான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "டேம்ல தண்ணி ஜாஸ்தியா?" என்று கேட்டான்.

"யாரு பாத்தா? அந்தப் பக்கமா வண்டியில போறதோட சரி."

அவன் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டான். அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கோமுகி அணைக்குப் பக்கத்தில் மீன் வறுத்து விற்கும் பெரியநாயகிக்கு மலை ஏறி வர முடியாது. அவளுக்கான சர்க்கரை மாத்திரையை ரெஜினாதான் மாதா மாதம் கொண்டுவந்து தருவாள். ஒரு சாயங்காலம் இறங்கி வரும்போது பெரியநாயகி சாலைக்கே வந்து கையைக் காட்டினாள். ஜன்னலருகே குனிந்து மெதுவாகப் பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். மத்தியானம் உங்க வூட்டுக்காரர் வந்தாரு."

"இங்கயா?"

"ஆமா. போன்ல உங்க போட்டோவ காட்டிக்கினு, இந்தப் பொம்பளய இங்க பாத்திருக்கியா, கூட எவனாச்சும் இருந்தானான்னு கடை கடையா கேட்டுக்கினு போனாரு. நீ யாருய்யான்னு கேட்டதுக்கு வூட்டுக்காரன்னாரு. இவங்க காலையில மேல போனா சாயங்காலம்தான் எறங்குவாங்கன்னு நான் சொன்னேன். நீயும் அவளுக்கு உடந்தையான்னு என்னியே கேக்கறாரு."

ரெஜினாவுக்குக் காதெல்லாம் சுட்டது. சாலையோரம் வரிசையாகக் கடைகள். சோளம் சுடுகிறவன், ஐஸ் விற்கிறவன், பஜ்ஜிக்காரி. அத்தனை பேரும் அவள் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பொம்பளை. கட்டிக்கொண்டவன் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த பெயர் அது.

"ஆனா டேமுன்னு அவருக்கு எப்படித் தோணுச்சு?" என்றாள் வண்டியை எடுத்த பிறகு.

எழில்மதி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இதுக்குள்ள ஒரு சிம்மு இருக்குல்ல?"

ரெஜினா நேராகக் கள்ளக்குறிச்சியில் அதை மாட்டிக்கொடுத்த கடைக்குப் போனாள். கடைக்காரன் சுபாஷ் ஒளிக்கவெல்லாம் இல்லை.

"வண்டி எங்க இருக்குன்னு சார் போன்ல தெரியும் மேடம். நான்தான் போட்டுக் குடுத்தேன். திருடு போனா பாக்கலாம்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மேடத்துக்கு சொல்ல வாணாம்னாரு. நெறைய பேரு வூட்டுல அப்படித்தான் மேடம் போட்டுக்கறாங்க."

"கழட்டுங்க."

"சார் வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். பில்லு அவர் பேர்ல இருக்கு."

"வண்டி என் பேர்ல இருக்கு."

"அது சரி மேடம். நாளைக்கு அவர் வந்து இன்னாடான்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

தன் வண்டியிலிருந்து ஒரு சாமானை எடுக்கத் தன் கணவனின் அனுமதி வேண்டும் என்று ஒரு கடைக்காரன் தன்னிடம் சொல்வதை அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. வீட்டுக்குப் போனாள்.

ஆல்பர்ட் மறுக்கவில்லை. திருப்பிக் கோபப்பட்டான்.

"காலையில டேம்ல போய் நிக்குது. சாயங்காலம் வரைக்கும் அங்கயே நிக்குது. தெனமும். போன் பண்ணா ஆஸ்பத்திரின்ற. நான் இன்னான்னு நெனைக்கிறது?"

"நாளைக்கு லீவு போடுங்க. எங்கூட வண்டியில வந்து உக்காருங்க."

மறுநாள் எழில்மதி பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஆல்பர்ட் முன்னால், கையில் போனோடு. அணை தாண்டியதும் காரின் திரையில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஏறிக்கொண்டேயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அதற்குள் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினா வண்டியை நிறுத்தினாள். அங்கே ஒரு டவர் இருந்தது. போன்கள் வேலை செய்தன. காரில் இருந்தது வேறு கம்பெனி சிம்.

"இப்பப் பாருங்க."

அவன் போனில் கார் இன்னும் அணையிலேயே நின்றது. கீழே பொடி எழுத்தில், கடைசியாகத் தகவல் வந்த நேரம் இருந்தது. இத்தனை நாளும் அவன் அதைப் படிக்கவேயில்லை. இப்போது படித்தான். பிறகு பெருமூச்சு விட்டுச் சிரித்தான்.

"சே, சிக்னல் இல்ல. மெஷினு தப்பா காட்டிக்கினு இருந்திருக்கு. எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா..."

"எத சொல்லணும்? எனக்குத் தெரியாம வெச்சதப் பத்தி நான் உங்களுக்கு சொல்லணுமா?"

"சரி விடு ரெஜி. சந்தேகம்தான் தீந்துடுச்சில்ல."

அந்தச் சிரிப்புதான் அவளால் தாங்க முடியாமல் போனது. நேற்றிரவு அவன் கோபப்பட்டதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

"சிக்னல் கெடச்சிருந்தா? ஒழுங்கா ஆஸ்பத்திரியவே காட்டியிருந்தா? ஆயுசுக்கும் பாத்துக்கினே இருந்திருப்பீங்க. எனக்குத் தெரிஞ்சே இருக்காது. மெஷினு தப்ப நான் கேக்கல. நீங்க பாத்ததக் கேக்கறேன்."

அவள் உள்ளே போய் ஜன்னலைத் திறந்து மருந்து கொடுக்கத் தொடங்கினாள். அவன் அன்று முழுவதும் வெளியே பெஞ்சில், நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். எழில்மதி எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னாள். அவனுக்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் அணைக்குப் பக்கத்தில் ரெஜினா காரை ஓரம் கட்டினாள்.

"எறங்குங்க. போட்டோ காட்டுன ஒவ்வொரு கடைக்கும் போங்க."

"போய் இன்னா சொல்றது?"

"இவ என் பொண்டாட்டி, மலைமேல வேல செய்றா, நான்தான் தப்பா கேட்டுட்டேன்னு சொல்லுங்க."

"அசிங்கமா இருக்கும் ரெஜி."

"எனக்கு நேத்து இருந்துச்சு."

அவள் இன்ஜினை அணைத்துச் சாவியை மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் அவன் இறங்கிப் போனான். சோளக்கடைக்காரன் கதிரைத் திருப்பிக்கொண்டே தலையாட்டினான். பஜ்ஜிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியநாயகி கடையில்தான் அவன் அதிக நேரம் நின்றான். அவள் கரண்டியும் கையுமாக வெளியே வந்து என்னவோ பேசினாள். அவன் நிமிராமல் கேட்டான். திரும்பி வந்து ஏறியபோது சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. என்ன சொன்னாள் என்று ரெஜினா கேட்கவில்லை.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனார்கள். இந்த முறை சுபாஷ் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். "சிம்ம மட்டும் எடுத்துடறேன் மேடம். பாட்டு, கேமரா எல்லாம் நல்லாதான இருக்கு."

"ஆமா, நீதான பாட்டு வேணும்னு கேட்ட" என்றான் ஆல்பர்ட்.

"முழுசா எடுங்க."

திரை வெளியே வந்தது. பின்னாலிருந்து ஒயர்கள் கொத்தாகத் தொங்கின. பழைய ரேடியோவை அன்றைக்கே காயலான் கடைக்குப் போட்டுவிட்டதாக சுபாஷ் சொன்னான். ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றி உள்ளே தள்ளச் சொன்னாள். ஆல்பர்ட் போனிலிருந்தும் அதை அழித்து, அவளிடம் நீட்டிக் காட்டினான்.

"இப்ப சரியாயிடுச்சா?"

"இல்ல" என்றாள் ரெஜினா.

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் டிரைவர் கொளஞ்சியப்பன் காருக்குள் எட்டிப் பார்த்தார். டாஷ்போர்டில் பெரிய சதுர ஓட்டை.

"இன்னா மேடம், டிவி பொட்டிய காணோம்? திருட்டுப் போயிடுச்சா?"

"ரிப்பேருண்ணே" என்று எழில்மதி முந்திக்கொண்டாள்.

"ரிப்பேர் இல்லண்ணே" என்றாள் ரெஜினா. மருந்து அறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்றபடியே, ஆல்பர்ட் காரைக் கடைக்கு எடுத்துப்போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்களும் கேட்டார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.