ஒத்திகை முடியட்டும்

கல்முனையில் நடந்த நாடகக் குழு நிர்வாகப் பயிற்சியில், ஒவ்வொரு உறுப்பினரின் விருப்பத்தையும் எழுதச் சொன்னார்கள். மருதமுனையில் ஏழு வருசமாகக் குழு நடத்தும் முஸ்பிறாவுக்கு, உடுப்புத் தைக்கும் றிஸ்மியாவைப் பற்றி எழுத ஒன்றுமே தெரியவில்லை. பயிற்சி முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"மேடையில நடிக்க ஆசை இருந்திச்சி, ராத்தா. ரெண்டு தரம் சொல்ல வந்தன். ஒத்திகை முடியட்டும் எண்டீங்க."

"அடுத்த நாடகத்தில நீ நடி."

"வெள்ளிக்கிழமை கட்டாருக்குப் போறன், வீட்டு வேலைக்கு."

முஸ்பிறா மன்னிப்புக் கேட்டாள். "பரவால்ல, ராத்தா" என்று சொல்லி, புது நாடகத்துக்குத் தைத்து முடித்த உடுப்புகளை றிஸ்மியா பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் முஸ்பிறாவுக்கு அழுகை வந்தது.