சாஹிலுக்கு நூற்றெழுபது, எனக்கு நூற்றுப்பத்து

என் அண்ணன் சாஹில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அது சைக்கிள் மாதிரியே இல்லை. 2006 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீலாங்கரையில் ஒரு ஜெர்மன்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகிறார், நாலு ஏசியைக் கழற்ற வேண்டும் என்று காலையிலேயே கூப்பிட்டிருந்தார்கள். இருட்டித்தான் வருவான் என்று நினைத்தோம். மூன்று மணிக்கே டி.வி.எஸ். வண்டியின் பின்னால் எதையோ சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு கேம்ப் ரோட்டுச் சந்துக்குள் வந்து நின்றான்.

"மெஹ்ரு, சீக்கிரம் வா. இத பிடி."

சாக்கைப் பிரித்தோம். நீல நிற அலுமினியச் சட்டம். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு ஷாக் அப்சார்பர், முன்னால் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போல ஒரு ஃபோர்க். சக்கரங்கள் இரண்டும் கடல் காற்றில் துருவேறி நெளிந்து, கையில் தூக்கினாலே ஸ்போக்ஸ் உதிர்ந்தன.

அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள். "பழைய இரும்புக்காரன் நாளைக்கு வருவான்" என்றாள்.

"ம்மா, இது மலை ஏறுற சைக்கிள். முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஸ்பிரிங். கடையில வாங்கணும்னா நம்மளால கனவுலகூட முடியாது. தூக்கிப் போடப் போறேன்னாரு, நான் எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன்."

"தாம்பரத்துல எங்க இருக்கு மலை?"

"திருநீர்மலை என்னவாம்?"

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, சாஹிலுக்கு இருபத்தெட்டு. அத்தா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சாஹில் ஏசி மெக்கானிக். நான் சேலையூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். ரிசல்ட் பார்க்க வருகிற பிள்ளைகளுக்கும், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களுக்கும் டைப் அடித்துக் கொடுப்பேன். மத்தியானம் கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் இந்த மாதிரி சைக்கிள்காரர்கள் எழுதிக்கொள்ளும் ஒரு வெப்சைட்டைக் கண்டுபிடித்தேன். என் கேள்விக்கு எந்த ஊர்க்காரரோ பொறுமையாகப் பதில் எழுதினார். அதையெல்லாம் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சாஹிலுக்குத் தமிழில் சொல்வேன். இங்கிலீஷ் என் பக்கம், ஸ்பானர் அவன் பக்கம். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆனால் ஸ்பானரும் சீக்கிரமே என் பக்கம் வந்துவிட்டது. பாரிமுனைக்குப் போய் ரிம், ஹப், ஸ்போக்ஸ் தனித்தனியாக வாங்கி வந்தோம். கோத்துக் கொடுக்க ஆள் தேடினால், இந்த ஹப்புக்குச் செய்ததில்லை என்று இரண்டு கடையில் கையை விரித்தார்கள். நானே பிரிண்ட் பேப்பரைத் தரையில் வைத்துக்கொண்டு கோத்தேன். பெண்டு எடுப்பதுதான் பெரிய பாடு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸைப் பிடிக்க வேண்டும். எங்கே கோணலோ அங்கே சாக்பீஸ் கீறும். அந்த இடத்து ஸ்போக்ஸில் ஒன்றைக் கால் திருகு முறுக்கி, பக்கத்து ஒன்றைக் கால் திருகு தளர்த்த வேண்டும். மூன்று நாள் முயற்சி செய்தேன். நாலாவது நாள் சக்கரம் சுற்றியது, சாக்பீஸ் எங்கேயும் கீறவில்லை. மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். "சுத்துது. சக்கரம்னா சுத்தத்தானே செய்யும்?" என்றாள்.

பின்சட்டம் அசைகிற மூட்டுகளுக்குள் இருக்கும் புஷ் வளையங்கள் எல்லாம் தேய்ந்து கிடந்தன. கையால் பிடித்து ஆட்டினால் பின்சக்கரம் லொடலொடவென்று ஆடியது. குரோம்பேட்டையில் சாஹிலின் சிநேகிதர் ஜெபசீலன் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். சட்டத்தை மேஜையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா பாய் இது, தவள குந்திக்கினு இருக்கிற மாதிரி கீது?"

"ஓட்டுனா தெரியும் அண்ணே. புஷ் அடிச்சுக் குடுங்க."

"கன்மெட்டல்ல அட்ச்சுத் தரேன். ஆனா மொதோ ரவுண்டு எனக்குத்தான், சொல்டேன்."

புஷ்ஷோடு பித்தளையில் ஒரு சின்ன நிப்பிளும் கடைந்து கொடுத்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பின் ஷாக்கில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, காற்றுதான் ஸ்பிரிங். நூறு பவுண்டுக்கு மேல் ஏற்ற வேண்டும், அதற்கென்று தனி பம்ப் உண்டு என்று பிரிண்ட் பேப்பர் சொன்னது. மெட்ராஸ் முழுக்க விசாரித்தோம், கிடைக்கவில்லை. கடைசியில் சாஹில்தான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். ஏசி பைப்பில் லீக் பார்க்க அவனிடம் நைட்ரஜன் சிலிண்டர் இருந்தது, அழுத்தம் காட்டும் கேஜும் இருந்தது. ஏசி ஹோஸையும் சைக்கிள் ஷாக்கையும் சேர்க்க நடுவில் ஒரு நிப்பிள்தான் இல்லை.

காற்று எவ்வளவு என்பது ஓட்டுகிறவரின் எடையைப் பொறுத்தது. தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய், கலர் பல்பு சுற்றும் எடை மிஷினில் காசு போட்டு ஏறினோம். சாஹிலுக்கு எழுபத்தெட்டு, எனக்கு ஐம்பத்தொன்று என்று அட்டை வந்து விழுந்தது. அட்டைக்குப் பின்னால் அவனுக்கு வெளிநாட்டுப் பயணம் உண்டென்று போட்டிருந்தது. எனக்குப் பொறுமை தேவை என்று இருந்தது.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் சாஹில் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். அம்மா ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் ஸ்கேலோடு தரையில் உட்கார்ந்தேன். ஷாக்கின் ராடில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டியிருந்தோம். ஆள் ஏறினால் ராடு உள்ளே போகும், வளையம் எதுவரை போனதென்று காட்டும். ஐம்பது மில்லிமீட்டர் போகக்கூடிய ராடு, சும்மா உட்கார்ந்தால் பன்னிரண்டு பதின்மூன்று போக வேண்டும். முதலில் இருபது போனது. காற்று ஏற்றினோம், எட்டுதான் போனது. இறக்கினோம், பதினாறு. அம்மாவுக்குக் கை வலித்தது. "நான் இன்னும் அசர் தொழல. பிடிச்சுக்கிட்டே நிக்கவா?" என்று சத்தம் போட்டாள். கேஜ் நூற்றெழுபது காட்டியபோது வளையம் சரியாகப் பன்னிரண்டரையில் நின்றது.

"வந்துருச்சு!" என்று கத்தினேன். என்ன வந்தது என்று புரியாமலே அம்மாவும் சிரித்தாள்.

பிப்ரவரி, மார்ச் முழுக்க எங்களுக்கு அதுவே பேச்சு. அகரம்தென் பக்கத்து ஏரிக்கரை, மாடம்பாக்கத்து மண்ரோடு எல்லாவற்றிலும் சாஹில் ஓட்டினான். அவன் ஓய்ந்த நேரத்தில் நான் ஓட்டினேன். ஜெபசீலன் கேட்டபடியே வந்து ஒரு ரவுண்டு அடித்துவிட்டு, "இடுப்பே தெர்ல பாய்" என்றார்.

ஏரிக்கரையில்தான் பிரேம் பழக்கமானான். கோவளத்து மீனவர் வீட்டுப் பையன். கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, திருநீர்மலைக்கு அந்தப் பக்கம் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கல்குவாரியில் ஞாயிறு காலையில் ஓட்டுவார்கள். யார் சீக்கிரம் கீழே வருகிறார்கள் என்று வாட்ச் பிடிப்பார்கள். சாஹிலையும் கூப்பிட்டான்.

மார்ச் கடைசி ஞாயிறு. குவாரிச் சரிவின் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பாறைப்படி. அதைக் குதித்துத்தான் இறங்க வேண்டும். மேலே நின்று பார்த்துவிட்டு சாஹில் என்னைக் கேட்டான்.

"பின்னாடி கொஞ்சம் மெதுவா எழும்புனா நல்லாயிருக்கும். ஷாக்குல இருக்கிற அந்தச் சிவப்பு நாபு எந்தப் பக்கம் திருப்பணும்?"

"இடது பக்கம்" என்றேன். யோசிக்கவே இல்லை.

அவன் இடது பக்கம் கடைசிவரை திருப்பினான். கீழேயிருந்து பிரேம் கையைக் காட்டினான். சாஹில் இறங்கினான். பாறைப்படியில் குதித்துச் சக்கரம் தரையைத் தொட்டதும் ஷாக் அமுங்கியது. அமுங்கிய வேகத்தில் கவணில் வைத்த கல் மாதிரி எழும்பியது. சீட்டு அவனைப் பின்னாலிருந்து தள்ள, ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து போய் வலது தோளில் விழுந்தான்.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த பிரிண்ட் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். வலது பக்கம் திருப்பினால் மெதுவாக எழும்பும், இடது பக்கம் என்றால் வேகம். தெளிவாகத்தான் இருந்தது. நான்தான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

கட்டுப் போட்டு வெளியே வந்தவனிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். ஆட்டோவில் வரும்போது, "ஆறு வாரம் கையத் தூக்கக்கூடாதாம். ஏப்ரல், மே" என்று மட்டும் சொன்னான். ஏசி மெக்கானிக்குக்கு ஏப்ரலும் மேயும் போனால் வருஷமே போன மாதிரி. அதற்குப் பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சைக்கிள் சமையலறைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து கிடந்தது. நான் அதைக் கடந்துதான் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். பார்க்காமல் போவேன்.

பத்தாவது நாள் சிட்லபாக்கத்திலிருந்து தோத்தாத்ரி சார் போன் செய்தார். பழைய கஸ்டமர். வீட்டில் வயதானவர்கள், ஏசி ஓடுகிறது, குளிர்ச்சி இல்லை. வேறு ஆளைப் பார்க்கச் சொல்லத்தான் சாஹில் வாயெடுத்தான். நான் போனைப் பிடுங்கி, "வர்றோம் சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"யார் வர்றது?"

"நீ வாயால சொல்லு. நான் கையால செய்யுறேன். வீல் பெண்டு எடுக்கலையா நான்?"

கோபம் அவன் முகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டான். ஒரு கையால் மாட்டிக்கொள்ள முடியவில்லை. நான் போய்ப் பட்டன் போட்டேன்.

தோத்தாத்ரி சார் கதவைத் திறந்து என் கையில் டூல்ஸ் பையைப் பார்த்ததும், "பொண்ணா பண்ணப் போறது?" என்றார்.

"கை அவளோடது, பொறுப்பு என்னோடது சார்" என்றான் சாஹில்.

நான் ஸ்டூலில் ஏறினேன். அவன் கீழே நின்று சொல்லச் சொல்ல ஃபில்டரைக் கழுவினேன், காயிலை பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தேன், கேஜ் மாட்டி கேஸ் அழுத்தம் பார்த்தேன். சைக்கிளில் பார்த்துப் பழகிய அதே கேஜ்தான். ஒன்றரை மணி நேரம் கழித்துக் குளிர் காற்று முகத்தில் அடித்தது. வெளியே வந்ததும் சாஹில், "நட்டை அவ்ளோ முறுக்காத, பைப்பு வாய்ப் பிளேர் கிழிஞ்சிரும்" என்று திட்டினான். அப்படித்தான் மறுபடி பேச்சு வந்தது.

பிரவுசிங் சென்டர் வேலையை விட்டுவிட்டேன். அந்த வெயில் காலம் முழுவதும் டி.வி.எஸ்ஸை நான் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று அலைந்தோம். சில வீடுகளில் என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். சில வீடுகளில் பெண்கள் மட்டும் இருக்கும்போது என்னையே வரச் சொன்னார்கள். ஜூன் வந்தபோது என் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை எழுந்து வந்து பார்த்தால், சாஹில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நைட்ரஜன் சிலிண்டர்.

"ஏறு" என்றான்.

"எதுக்கு?"

"நாளைக்கு குவாரிக்குப் போற. எனக்கு டாக்டர் இன்னும் ரெண்டு மாசம் சொல்லியிருக்காரு. வண்டி எத்தன நாள் சும்மா நிக்கும்?"

அம்மா பழையபடி ஹேண்டில்பாரைப் பிடித்தாள். இந்தத் தடவை ஸ்கேல் அவன் கையில். காற்றை இறக்கிக்கொண்டே வந்தோம். நூற்றுப்பத்தில் வளையம் பதின்மூன்றில் நின்றது. பிறகு சிவப்பு நாபு. பேப்பரை எடுத்துவரப் போனேன். "பேப்பர் வேணாம், கையால பாக்கலாம்" என்றான். சீட்டை அமுக்கி விட்டான். எழும்பி வருவதைப் பார்த்தான். ஒரு கிளிக் திருப்பினான், மறுபடி அமுக்கினான். தூங்கி எழுகிறவர் மாதிரி சீட்டு நிதானமாக மேலே வந்ததும், என் கையைப் பிடித்து நாபின் மேல் வைத்தான். "வலது பக்கம். ஞாபகம் வச்சிக்க" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பார்க்காத மாதிரி சிலிண்டரை மூடப் போய்விட்டான்.

மறுநாள் துப்பட்டாவைத் தலையில் இறுக்கிச் சுற்றி, அதன் மேல் பிரேமின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மேலே நின்றேன். திருநீர்மலைக் கோயில் கோபுரம் பக்கவாட்டில் தெரிந்தது. கீழே சாஹில் தோளைத் தடவிக்கொண்டு நின்றான். இறங்கினேன். சரளைக் கல் சக்கரத்தில் தெறித்தது. பாறைப்படி வந்தபோது பிரேக்கைப் பிடிக்கத் தோன்றியது, விரலை எடுத்துவிட்டேன். ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் தரை. கால் தாங்கியது, ஷாக் அமுங்கியது, நிதானமாக எழும்பியது. என்னை எங்கேயும் தள்ளவில்லை.

பதினொரு பேரில் ஏழாவதாக வந்தேன். சாஹில் அதைக் கேட்கவே இல்லை. ஓடிவந்து குனிந்து ரப்பர் வளையத்தைப் பார்த்தான்.

"நாப்பத்தாறு! அம்பதுல நாப்பத்தாறு போயிருக்கு. முட்டவும் இல்ல, மிச்சமும் இல்ல!" என்று பிரேமின் முதுகில் அடித்தான். அடித்த பிறகுதான் வலது கை என்பது ஞாபகம் வந்து, "ஸ்ஸ்" என்று தோளைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு சைக்கிளை இரண்டு பேரும் ஓட்டினோம். ஒரு ஞாயிறு அவனுக்கு, ஒரு ஞாயிறு எனக்கு. சனிக்கிழமைதோறும் காற்று மாறும். எண்ணெய் வாசனை, சிலிண்டரின் உஸ்ஸென்ற சத்தம், அம்மாவின் முணுமுணுப்பு. அப்போது அதையெல்லாம் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. 2008இல் சாஹிலுக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. கஸ்டமர் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். காற்று நூற்றுப்பத்திலேயே நின்றுவிட்டது.

மறு வருஷம் குவாரியில் இறங்கும்போது பின்சட்டத்தில் டக்கென்று ஒரு சத்தம். தடவிப் பார்த்தால் வெல்டு ஓரத்தில் விரிசல். ஜெபசீலன் கண்ணாடி போட்டுப் பார்த்து, "அலுமினியம்மா, பத்த வச்சா மறுபடியும் வுட்டுரும். ஓட்டாத, உசுருக்கு பேஜாரு" என்றார்.

அன்று சாஹில் போன் செய்தான். வழக்கமாக ஐந்து நிமிஷம். அம்மாவிடம் மூன்று, என்னிடம் இரண்டு. நான்தான் முதலில் எடுத்தேன். சொன்னேன்.

"எங்க வுட்டுருக்கு? மேல் மூட்டா, கீழ் மூட்டா?"

"கீழ. செயின் பக்கம்."

"எத்தன மில்லி?"

ஸ்கேலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அளந்து சொன்னேன். புஷ் எப்படியிருக்கிறது என்று கேட்டான். ஃபோர்க் ஆயில் எப்போது மாற்றினேன் என்று கேட்டான். அந்தப் பாறைப்படியை இப்போதும் பிரேக் பிடிக்காமல்தான் இறங்குகிறேனா என்று கேட்டான். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். "போனைக் குடுடி, நானும் பேசணும்" என்று அம்மா இரண்டு தடவை வந்து கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.