அண்ணனின் ‘சூன்’

வாட்ஸ்அப்பில் அண்ணனிடமிருந்து மறுபடியும் அதே ஒற்றை ஆங்கிலச் சொல் வந்தது. ‘சூன்.’ சீக்கிரம் வருகிறானாம். பக்கத்தில் கைகூப்பும் படம் வேறு. வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். அப்பாவுக்கு வைத்த கஞ்சி பொங்கி வழிந்ததால் அது தப்பியது.

என் பெயர் பிரான்சி. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். அப்பா ஸ்தனிஸ்லாஸ், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈரலில் கட்டி. ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேட்டதைக் குடுங்க’ என்று புத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். கனடாவில் இருக்கிற என் அண்ணன் பிரவீன்ராஜுக்கு மட்டும் தெரியாது. அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவனைப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு வகுப்பில் சொற்கள் பொருள் மாறுவதைப் பற்றிப் பாடம். வேறு எந்தச் சொல் என் வாயில் வரும்?

“ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ‘சூன்’னா ‘இந்த நிமிஷமே’ன்னு அர்த்தம்” என்றேன்.

“அப்புறம் எப்படி மேடம் மாறிச்சு?” என்று கேட்டாள் அல்ஷிஃபா, முதல் பெஞ்சுக்காரி.

“மனுஷங்க மாத்தினாங்க. இந்த நிமிஷமே வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தாங்க. காத்திருந்தவங்க, சரி, இதுக்கு அர்த்தம் இவ்வளவுதான் போலன்னு விட்டுட்டாங்க. ‘பிரசன்ட்லி’யும் ஒரு காலத்துல ‘உடனே’தான். அதையும் ‘அப்புறமா’ன்னு இழுத்துட்டாங்க. ‘அனான்’னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கும் இதே கதி. அவசரத்துக்குன்னு ஒரு சொல்லை விட்டு வெச்சானுங்களா பாவிங்க!”

பெண்கள் சிரித்தார்கள். “எங்கம்மா கூப்பிட்டா நான் ‘இதோ’ங்கிற மாதிரி” என்றாள் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரும்பலகையைத் துடைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் மைதிலி என்னோடு வேலை பார்ப்பவள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்பாவை ஐசியூல சேர்த்தாச்சுன்னு அடிச்சு விடுங்கோ. அடுத்த ஃப்ளைட்ல வந்து நிப்பார்.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“பெருமாள் மன்னிச்சுடுவார்.”

“உங்க பெருமாள் மன்னிப்பார். எங்கப்பா மன்னிக்க மாட்டாரு.”

அப்பாவிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. நோயாளிக்குச் சாமியார் மந்திரித்த எண்ணெய் பூசுவது எங்கள் கத்தோலிக்கச் சபை வழக்கம். இது சாவுக்கு இல்லை, சுகத்துக்கும் பூசுவதுதான் என்று கோயிலில் ஓயாமல் சொல்கிறார்கள். யார் கேட்டார்கள்? அப்பா காலத்து ஆட்களுக்கு அதன் பெயரே ‘அவஸ்தை’. பூசிவிட்டால் ஆள் கிளம்பியாயிற்று என்று கணக்கு. பங்குச் சாமியார் அடைக்கலராஜ் எண்ணெயோடு வந்தபோதெல்லாம் அப்பா காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். “மகன் வரட்டும் சாமி. அவன் பக்கத்துல நிக்கட்டும்.”

மறுநாள் காலையில் அடுப்படியில் நின்றபடி அண்ணனைக் கூப்பிட்டேன். கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“சூன் வரேன்னு சொன்னேன்ல” என்றான்.

“அந்தச் சொல்லைச் சொல்லாதண்ணே! உன்னை மாதிரி ஆளுங்கதான் அதை நாசமாக்கினது. அப்பா வாசலையே பாத்துட்டுக் கெடக்காரு. அவருக்குச் சாப்பாடு இறங்கல. உனக்கு லீவு தரலையா, டிக்கெட் கிடைக்கலையா? என்னதான் உனக்கு?”

“பாடம் நடத்தாத பிரான்சி.”

“நடத்துவேன். மண்டையில ஏறுற வரைக்கும் நடத்துவேன்!”

பிறகு அவன் குரல் உடைந்தது. “பயமா இருக்கு. அம்மாவைக் கடைசியில பாத்தது இன்னும் கண்ணு முன்னாடியே நிக்குது. அப்பாவையும் அப்படிப் பாக்க என்னால முடியாது. என்னைத் திட்டு, என்ன வேணாலும் பண்ணு. முடியல.”

“எனக்கு மட்டும் பயமில்லையா? நான் என்ன கல்லா?” என்று கத்தினேன். அவன் போனை வைத்துவிட்டான்.

திரும்பினால், அப்பாவின் அறைக் கதவு விரியத் திறந்திருந்தது.

“சாமியாரை வரச் சொல்லு பாப்பா” என்றார்.

“எதுக்குப்பா? அண்ணன் வந்துடுவான். இதோ, இந்த வாரமே...”

“வரச் சொல்லும்மா.”

ஃபாதர் அடைக்கலராஜ் சாயங்காலம் வந்தார். இந்த முறை அப்பா காபி கொடுக்கச் சொல்லவில்லை. நெற்றியில் ஃபாதர் எண்ணெய் பூசினார். பிறகு உள்ளங்கைகளில். கேட்பதற்கு முன்பே அப்பா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஜெபம் வாயில் நிற்கவில்லை. ‘ஆமென்’ சொல்ல வேண்டிய இடத்தில் அழுதேன்.

ஃபாதர் போனதும் அப்பா, “அவனைக் கூப்பிடு, முகத்தைப் பாக்கணும்” என்றார். வீடியோவில் அண்ணன் வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. அப்பா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கு அவருக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ, அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

“எப்படிடா இருக்க? அங்க ரொம்பக் குளிரா?”

“நீங்க எப்படிப்பா இருக்கீங்க?”

“எனக்கென்ன, இன்னைக்குத் தேவலாம். தங்கச்சி சொல்றதுக்கெல்லாம் மனசைப் போட்டுக் கொழப்பிக்காத. அவசரமே இல்ல. வேலையைப் பாத்துட்டு மெதுவா வா.”

அண்ணன் முகத்தில் இறங்கிய நிம்மதியைப் பார்க்க வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

“சூன் வரேம்ப்பா” என்றான். பிறகு திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, “நெத்தியில என்னப்பா மினுங்குது?” என்று கேட்டான்.

“தலைக்கு எண்ணெய் வெச்சு விட்டாடா உன் தங்கச்சி” என்றார் அப்பா. “அள்ளி அப்பிட்டா. வழியுது.”

“அவ எப்பவும் அப்படித்தாம்ப்பா” என்று அண்ணன் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். நான் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.