பன்னிரண்டாவது நாய்க்காடு

மனைவி சன்னே செத்து ஆறு மாதம் கழித்துத்தான் எஸ்பென் அவளுடைய தொலைபேசியைத் திறந்தான். துக்கத்தில் அல்ல. நாய்க்காக.

நூகா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கால்நடை மருத்துவர் அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார்.

"கடைசியா இவ எப்ப ஓடினா?"

"தினமும் ரெண்டு வேளை கூட்டிட்டுப் போறேன்."

"கயிறு போட்டா?"

"போட்டுத்தான்."

"அது நடக்கறது. நான் ஓடறதக் கேட்டேன்."

ஓடவிடுவது சன்னேயின் பாடு. நாயே அவளுடையதுதான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நூகாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போவாள், பத்தரைக்குத் திரும்புவாள். ஆரம்பத்தில் அவனையும் கூப்பிட்டாள். "உன் நாய், நீ போ" என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டான். அப்புறம் அவள் கூப்பிடவில்லை. எங்கே போகிறாள் என்று அவனும் கேட்கவில்லை. நாய்க்காட்டுக்கு, வேறெங்கே. ஊருக்கு ஊர் வேலி போட்டு நாய்களுக்கென்று விட்டிருக்கிற காடு. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கயிற்றை அவிழ்த்துவிடலாம். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தான்.

சன்னே அப்படி நினைக்கவில்லை. அவள் தொலைபேசியின் வரைபடத்தில், அவர்கள் இருந்த ஃப்யூன் தீவு முழுக்க, பன்னிரண்டு நட்சத்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்பு. 'வேலிக்கு அடியில் ஓட்டை. பக்கத்துத் தோட்டக்காரர் கோழி ஒன்று போச்சு.' 'உண்ணி.' 'நாய்கள் பரவாயில்லை, மனிதர்கள்தான் கடிக்கிறார்கள்.' 'வெறும் சேறு.' இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவது தீவின் வடகிழக்கு மூலையில், கடலை ஒட்டி. அதன் கீழே ஒரே சொல்தான்.

'இதுதான்.'

எஸ்பென் அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வீடு வாங்குவதற்காக இருவரும் பதினான்கு வீடு பார்த்தார்கள். வாங்கிய வீட்டுக்குக்கூட 'பரவாயில்லை' என்றுதான் சொன்னாள். அவனைப் பற்றித் தன் அம்மாவிடம் முதலில் என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரியாது. 'இதுதான்' என்று சொல்லியிருக்க மாட்டாள்.

அங்கே என்ன இருக்கிறது? யார் இருக்கிறார்கள்?

நேரே அங்கே போகத் துணிவில்லை. செப்டம்பர் முழுக்க மற்ற இடங்களுக்குப் போனான். ஓட்டை இருந்த வேலியை அடைத்திருந்தார்கள். சேறு அப்படியேதான் இருந்தது. நூகா எங்கேயும் ஓடவில்லை. கயிற்றை அவிழ்த்தால் கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதை மட்டும் திருப்பினாள். ஒவ்வொரு முறையும் அவனே நடந்து போய்க் கயிற்றை மாட்டி இழுத்து வர வேண்டியிருந்தது.

அக்டோபர் முதல் சனிக்கிழமை. கோடையெல்லாம் கடற்கரையில் நாய்களுக்குக் கயிறு கட்டாயம். அக்டோபர் பிறந்தால் அவிழ்த்துவிடலாம், மார்ச் முடியும்வரை. சன்னே தன் தொலைபேசி நாட்காட்டியில் வருடா வருடம் வரும்படி அந்த நாளைக் குறித்து வைத்திருந்தாள். காலையில் அது மணி அடித்தது. எஸ்பென் எழுந்து காரை எடுத்தான்.

கடைசித் திருப்பத்துக்கு முன்னாலேயே நூகா பின்னிருக்கையில் எழுந்து நின்றாள். மெல்ல முனக ஆரம்பித்தாள். ஏழு மாதத்தில் அவள் குரலை அவன் கேட்டது அதுதான் முதல்முறை.

வேலிக்கதவைத் தாண்டியதும் கயிற்றை அவிழ்த்தான். அவிழ்த்ததுதான் தெரியும். பைன் மரங்களுக்கு நடுவே பழுப்பாக ஒரு கோடு போனது. பின்னாலேயே ஓடினான். காடு முடிந்து மணல் வந்தது. பத்துப் பதினைந்து நாய்கள், ஏழெட்டுப் பேர், கையில் காபிக் குவளைகள். அவர்களுக்கு நடுவே, குளியல் அங்கி போட்ட ஓர் உயரமான ஆள், தலை ஈரமாக, மணலில் மண்டியிட்டிருந்தான். நாற்பது வயது இருக்கும். நூகா அவன் தோளில் இரண்டு காலையும் போட்டு அவன் காது, மூக்கு, தாடி எல்லாவற்றையும் நக்கிக்கொண்டிருந்தாள்.

எஸ்பென் முகத்தை அவள் நக்கியதே இல்லை.

"நூகா," என்றான் அந்த ஆள், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு. "நீ செத்துட்டன்னுல்லடி நெனச்சோம்."

அறுபது வயதுப் பெண் ஒருத்தி எஸ்பெனைப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். அவளும் குளியல் அங்கிதான். அவள் காலடியில் ஒரு குட்டை நாய்.

"இவ எப்படித் தம்பி உங்ககிட்ட?"

"எங்க வீட்டு நாய்."

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பானது. "அட, நீங்கதான் நூகா அப்பாவா. சனிக்கிழமை தூங்கறவரு." மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "எழுந்துட்டாருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதனாலேயே அவனுக்குச் சுருக்கென்றது. மூன்று வருடமாக இவர்களுக்கு அவனைத் தெரிந்திருக்கிறது. அவனுக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது.

"நான் பெல்லா அம்மா," என்றாள். "அவரு பால்டர் அப்பா. அந்தா, தண்ணிக்குள்ள நிக்குதே கறுப்பா, அதுதான் பால்டர்."

"நூகா செத்துட்டான்னு ஏன் நெனச்சீங்க?"

"மார்ச்சுல கடைசியா வந்தப்ப வாந்தி எடுத்தா. திங்கக்கிழமை டாக்டர்கிட்டக் காட்டறேன்னு நூகா அம்மா சொன்னாங்க. அதுக்கப்புறம் வரல. நாய் போயிட்டா ஆளும் வர மாட்டாங்க தம்பி. வேற எதுக்கு ஒருத்தர் இங்க வராம இருக்கப் போறாங்க. நாங்க மரத்துல பேர்கூட மாட்டிட்டோம்."

"நூகா அம்மா எங்க?" என்றான் பால்டர் அப்பா, எழுந்து முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டியபடி. "முறை மாத்திக்கிட்டீங்களா? இன்னைக்கு அவங்க தூங்கறாங்களா?"

எஸ்பென் வாயைத் திறந்தான். திங்கட்கிழமை மருத்துவர், நூகா புல்லைத் தின்றிருக்கிறாள், வேறொன்றுமில்லை என்றார். செவ்வாய்க்கிழமை சன்னே சைக்கிளில் வேலைக்குப் போனாள். பச்சை விளக்கில் நேராகப் போனாள். பக்கத்தில் வந்த லாரி வலப்பக்கம், அவள் போன பக்கமாகவே, திரும்பியது. இதைச் சொன்னால் இவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தலையைக் குனிந்துகொண்டு, நல்லவள், பாவம் என்பார்கள். அதற்கு முன்னால் அவனுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இந்தத் தாடிக்காரன் அவளுக்கு யார்?

"வரல," என்றான்.

"சொல்லுங்க அவங்ககிட்ட. தண்ணி பதிமூணு டிகிரி. அவங்களுக்கு வெந்நீர் மாதிரி."

"தண்ணியில இறங்குவாளா?"

பால்டர் அப்பா அவனை வினோதமாகப் பார்த்தான். "ஜனவரில ஐஸை மிதிச்சு உடைச்சுட்டு இறங்குவாங்க. நூகாவும் கூடவே. நான் கரையில நின்னு கடிகாரம் பார்ப்பேன். ரெண்டு நிமிஷம் தாண்டினா கத்தணும். அதுதான் என் உத்தியோகம்."

வீட்டில் சன்னே கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு தூங்குவாள். தேனிலவுக்குக் குரோஷியா போனபோது கடல் குளிர்கிறது என்று கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமைகளில் அவள் தலைமுடி ஈரமாக இருக்கும், உப்பு வாடை அடிக்கும். நாய் உதறியது என்று நினைத்திருந்தான். அவள் அப்படிச் சொன்னாளா, அவனே நினைத்துக்கொண்டானா என்று இப்போது ஞாபகமில்லை.

"குளிக்கற உடுப்பு அவகிட்டக் கிடையாதே," என்றான்.

"எங்க யாருகிட்டயும் கிடையாது," என்றாள் பெல்லா அம்மா. "நனைஞ்ச துணியோட காத்துல நிக்கச் சொல்றீங்களா. அதெல்லாம் யாரும் யாரையும் பாக்க மாட்டோம். என்னைப் பாத்தா பால்டர் அப்பா கண்ணு அவிஞ்சுடும்."

"ஏற்கெனவே ஒரு கண்ணு மங்கிடுச்சு," என்றான் பால்டர் அப்பா.

மீண்டும் சிரித்தார்கள். எஸ்பெனுக்கு வயிற்றில் ஏதோ எரிந்தது. ஏழு மாதமாக அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. பசிகூட இல்லை. இப்போது இந்த நெருப்பு. அவளை இன்னொருவன் பார்த்திருக்கிறான், குளிரில் சிவந்து, பல் கிட்டித்து, சிரித்துக்கொண்டு. அந்தச் சன்னேயை அவன் பார்த்ததில்லை.

நூகா தண்ணீரில் இறங்கியிருந்தாள். ஓர் அன்னத்தைத் துரத்திக்கொண்டு தலை மட்டும் தெரிய நீந்தினாள். அன்னம் அவசரப்படாமல் நகர்ந்துகொண்டே இருந்தது. தலை சிறியதாகிக்கொண்டே போனது.

"நூகா," என்று கூப்பிட்டான் எஸ்பென். இன்னும் உரக்கக் கூப்பிட்டான். தலை திரும்பவில்லை.

பால்டர் அப்பா கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு கையைக் குவித்து, "நத்தை," என்று ஒரு குரல் விட்டான்.

கடலில் அந்தத் தலை சட்டென்று திரும்பியது. நூகா அம்பு மாதிரி கரைக்கு வந்தாள், மணலில் ஏறினாள், எஸ்பெனைத் தாண்டிப் பால்டர் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். அவன் அங்கிப் பையிலிருந்து ஒரு துண்டு ரொட்டி எடுத்துக் கொடுத்தான். லவங்கப்பட்டை போட்டுச் சுருட்டிச் சுட்ட ரொட்டி. அங்கே அதற்கு நத்தை என்றுதான் பெயர். நூகா அதை மெல்லாமலே விழுங்கினாள்.

"அது என்ன?"

"கூப்பிடற வார்த்தை. உங்களுக்குத் தெரியாதா?"

"வீட்டுல சொன்னதில்ல."

"சொல்லக் கூடாதே. பேரை நாள் பூரா சொல்றோம். உக்காரு நூகா, எறங்கு நூகா. நாய்க்கு அது காதுலயே ஏறாது. அதனால வேற ஒரு வார்த்தையைப் பழக்கி, அவசரத்துக்குன்னு பத்திரமா வெச்சுக்கணும். வீட்டுல சொன்னா தேஞ்சுடும்." புன்னகைத்தான். "இது கடற்கரைக்கு மட்டும்னு வெச்சிருந்தாங்க. இங்க எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும். எஸ்பெனுக்கு மட்டும் இல்லை.

"செத்துட்டா," என்றான். கல்லை எறிகிற மாதிரி அந்த முகத்தைக் குறி வைத்து எறிந்தான். "மார்ச்சுல. லாரி."

பெல்லா அம்மா குவளையை மணலில் வைத்தாள். பால்டர் அப்பா இருந்த இடத்திலேயே உட்கார்ந்தான். முகத்தை மூடிக்கொள்ளக்கூட இல்லை. வாய் கோணி, தோள் குலுங்கி அழுதான். சொல்லி ஒரு நிமிடம் ஆகவில்லை.

எஸ்பென் நின்றுகொண்டு பார்த்தான். மருத்துவமனையில் அவன் அழவில்லை, தேவாலயத்தில் அழவில்லை, அவள் பல் துலக்கும் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டபோதும் அழவில்லை. இவனுக்கு இவ்வளவு சுலபமாக வருகிறது. அந்த அழுகையையும் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நூகா அந்த ஆளின் கன்னத்தை நக்கினாள். அவன் அவளை விலக்கிவிட்டு மூக்கைத் துடைத்தான்.

"அவங்க பேரு என்ன?" என்றான்.

எஸ்பெனுக்கு முதலில் புரியவில்லை. "யாரு பேரு?"

"நூகா அம்மா பேரு."

"தெரியாதா?"

"இங்க யாரும் கேட்டுக்கறதில்ல. நாய் பேருதான்." அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "பேப்பர்ல போட்டிருப்பீங்க."

"போட்டேன்."

"நான் தினமும் மரணச் செய்தி படிக்கறவன். கண்ணுல பட்டிருக்கும். யாரோன்னு பக்கத்தைத் திருப்பியிருப்பேன்."

எஸ்பென் அந்த விளம்பரத்தை எழுத ஒரு இரவு முழுக்க எடுத்துக்கொண்டான். முழுப் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. படம் போடவில்லை. இவர்கள் அத்தனை பேரும் அதைக் கடந்து போயிருக்கிறார்கள். சன்னே என்ற பெயர் இந்தக் கடற்கரையில் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. ஐஸை உடைத்தவள், சிரித்தவள், 'இதுதான்' என்று எழுதியவள், எல்லாமாக இங்கே இருந்திருக்கிறாள். பெயர் மட்டும் வீட்டில் இருந்தது. அவனிடம்.

"சொல்லுங்க," என்றான் பால்டர் அப்பா.

"நூகா அம்மா."

"அது தெரியும். பேரு..."

"நூகா அம்மாதான்."

பால்டர் அப்பா மறுபடி கேட்க வாயெடுத்தான். பெல்லா அம்மா அவன் தோளில் கை வைத்து அழுத்தினாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

அன்னம் கரையிலிருந்து இன்னும் தள்ளிப் போய்விட்டது. யாரோ எஸ்பென் கையில் காபியைக் கொடுத்தார்கள். குடித்தான். சூடாக இருந்தது.

திரும்பும்போது இருவரும் கதவுவரை கூட வந்தார்கள். பக்கத்துப் பைன் மரத்தில் வரிசையாக வட்டமான மரத்துண்டுகள் ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு நாயின் பெயர். கடைசித் துண்டு புதிது. 'நூகா' என்று சுட்டு எழுதியிருந்தது. கீழே சிறியதாக: 'நன்றாக நீந்தினாள்.'

"இதைக் கழட்டிடறேன்," என்றான் பால்டர் அப்பா. "உயிரோட இருக்கறவளுக்கு ஆகாது."

எஸ்பென் அந்த இரண்டாவது வரியைப் படித்தான். பிறகு இன்னொரு முறை படித்தான்.

"கத்தி இருக்கா?"

பால்டர் அப்பா சாவிக்கொத்திலிருந்து ஒரு சின்னக் கத்தியைப் பிரித்துக் கொடுத்தான். நூகா என்ற பெயருக்குப் பக்கத்தில் விளிம்புவரை கொஞ்சம் இடம் இருந்தது. எஸ்பென் மெதுவாகக் கீறினான். கை பழக்கமில்லை. கடைசி எழுத்து கோணலாக வந்தது. நூகா அம்மா. இரண்டாவது வரியை அவன் தொடவில்லை.

"என் பேரு..." என்று ஆரம்பித்தான் பால்டர் அப்பா, கத்தியை வாங்கிக்கொண்டு.

"பால்டர் அப்பான்னே இருக்கட்டும்."

அவன் எஸ்பெனைப் பார்த்தான். பிறகு அங்கிப் பையில் மீதியிருந்த பாதி ரொட்டியை எடுத்து, நூகாவுக்குக் காட்டாமல், அவன் கையில் வைத்து மூடினான்.

வழியெல்லாம் நூகா பின்னிருக்கையில் தூங்கினாள். காருக்குள் ஈர நாய் வாடையும் உப்பும். வீட்டு வாசலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்தான். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள், எழவில்லை. ரொட்டி அவன் சட்டைப் பையில் இருந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னால் போதும், துள்ளி இறங்குவாள், அவன் காலடியில் உட்காருவாள்.

சனிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.

வாயை மூடிக்கொண்டு, கயிற்றை எடுத்து மாட்டினான்.