பிரியந்தன் சொல்லாமல் விட்ட பிழை

வெள்ளவத்தையில் புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கிய சின்ன மென்பொருள் நிறுவனத்தில், யதுஷாவுக்கும் பிரியந்தனுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. தரவுத்தள ஆவணங்களை ஒப்பிட, சேர்க்க, புதுப்பிக்க ஜாவாஸ்கிரிப்டில் சின்னச் சின்ன உதவி நிரல்களை எழுதி வைத்திருந்தவள் யதுஷா. அலுவலகம் முழுவதும் அவற்றைத்தான் பாவித்தது. அவற்றில் பிழை இருந்தால் முதலில் கண்டு சொல்பவன் பிரியந்தன். அவன் பார்க்காமல் அவள் எதையும் வெளியே விடுவதில்லை.

மாசியில் ஒருநாள், அவர்களுடைய மென்பொருளைப் பாவித்துவந்த, புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்துச் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்திலிருந்து அழைத்துச் சத்தம் போட்டார்கள். வழக்கொன்றுக்குப் புதிய தவணைத் திகதியைப் பதிந்தால் பழைய திகதிகளெல்லாம் அழிந்துபோகின்றனவாம்.

"இத யாரு எழுதின?" முதலாளி பஸீர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"நான்தான் சேர்."

"டெஸ்ட் பண்ணிப் பாக்காமயா குடுத்தீங்க?"

பிரியந்தன் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காரணம் மத்தியானத்துக்குள் பிடிபட்டது. ஆவணத்துக்குள் இருந்த பட்டியலோடு புதியதைக் கூட்டாமல், பழைய பட்டியலையே தூக்கிவிட்டுப் புதியதை வைத்திருந்தது அவளுடைய நிரல். அதைத் திருத்திவிட்டு, அதே நிரலைப் பாவித்த மற்ற வேலைகளையும் பார்த்துக்கொண்டு போனாள். பிரியந்தன் தன் வேலைக்கென்று எடுத்து வைத்திருந்த பிரதியில் அந்த வரி ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது.

"இதை நீர் எப்ப திருத்தினனீர்?"

"போன மாசம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"மறந்துபோனன்."

"ஒவ்வொரு நாளும் ஒண்டாத்தானே இருந்து சாப்பிடுறம்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "டீம் லீட் பதவிக்கு எங்கள் ரெண்டு பேரையும்தான் பார்க்கினம் எண்டு உமக்கும் தெரியும். நான் ஒண்டையும் உடைக்கேல்லை. அது உம்மட பிழை."

"ஓம், பிழை என்ரதான். அது வெடிக்குமட்டும் பார்த்துக்கொண்டிருந்தது நீர்."

பிரியந்தன் தெரிந்தும் சொல்லாமல் விட்டதைப் பஸீரிடம் போய்ச் சொன்னாள். "அவர் அவர்ட வேலைய சரியாத்தானே செஞ்சிருக்கார்," என்றார் அவர்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு, கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பஸீர் ஏசியதை மறக்கலாம். அவர் ஏசும்போது பக்கத்திலேயே, எல்லாம் தெரிந்துகொண்டே அவன் இருந்ததை மறக்க முடியவில்லை.

பங்குனியில் டீம் லீட் பதவி பிரியந்தனுக்குப் போயிற்று. சில நாட்களில் அவனுடைய நிரலில் பிழையொன்று அவள் கண்ணில் பட்டது. முன்பென்றால் கதிரையைத் திருப்பிச் சொல்லியிருப்பாள். சொல்லாமலே விடவும் ஒரு கணம் மனம் வந்தது. கடைசியில் அவனுக்கு மின்னஞ்சல் எழுதி, பஸீருக்கும் ஒரு பிரதி போட்டு அனுப்பினாள்.

"என்னட்டை நேர சொல்லியிருக்கலாமே?" என்றான் பிரியந்தன்.

யதுஷா ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.