இரண்டு மணி நேரம் முன்னதாக

அலுவலகத்தில் எனக்கு ‘அலாரம்’ என்று பெயர். பார்சல் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடுவது என் வேலை. ஒரு நிமிடம் தாமதமானாலும் எனக்குப் பொறுக்காது. வாயும் சும்மா இருக்காது. எவன் என்ன பெயர் வைத்தால் எனக்கென்ன?

மகளுக்குத் தூரத்து ஊரில் வேலை, மூன்று வருட ஒப்பந்தம். ரயிலைக் கோட்டைவிடக் கூடாதே என்று வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை யாருக்கும் தெரியாமல் ஒரு மணி நேரம் கூட்டி வைத்தேன். போனில் மணி பார்க்கும் வழக்கம் எனக்குக் கிடையாது.

மகளோடு ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்த கடிகாரத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்! நான் கூட்டி வைத்தது ஒரு மணி நேரம்தானே? அழுதுவிடுவேன் என்று பயந்து வீட்டோடு நின்றுவிட்ட மனைவிக்குப் போன் அடித்தேன்.

“ஐயையோ, நீங்களும் கூட்டி வெச்சீங்களா? உங்க கத்தலுக்குப் பயந்து நானும் ஒரு மணி நேரம் கூட்டி வெச்சேனே!” என்று சிரிக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சும்மா உட்கார்ந்து என்ன செய்வது? ஒன்பது மணி பார்சல் வண்டியையாவது அனுப்பலாம். “இங்கயே இரும்மா. ஆபீஸ் வரைக்கும் ஒரு நடை போயிட்டு, ரயில் வர்றதுக்குள்ள வந்துடறேன்” என்றேன்.

மகள் முகம் சுண்டிப்போயிற்று. “என் போன்ல சரியான டைம் இருக்குல்ல? வீட்லயே பாத்துட்டேன்” என்றாள்.

“பாத்துட்டா வாய மூடிட்டு வந்தே?”

“சொல்லியிருந்தா அந்த ரெண்டு மணி நேரமும் போன்ல டிரைவருங்களத் திட்டிட்டு இருப்பீங்க. இங்கன்னா எங்கூட உட்காருவீங்கன்னு நெனச்சேன்பா.”

பெஞ்சில் உட்கார்ந்தேன். கால் தானாக ஆடியது. அவள் என் முட்டியைப் பிடித்து அழுத்தினாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி ஆடியது. இருவரும் சிரித்துவிட்டோம்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: “தனியா இருக்கணும்னா பயமா இருக்குப்பா.” இருபத்துமூன்று வருடத்தில் அவளுக்குப் பயம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. வண்டி எக்கேடு கெட்டால் என்ன என்று விட்டுவிட்டேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

நேரம் நெருங்க, அவள் எழுந்து பெட்டியைத் தூக்கினாள். அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது: ரயில் நாற்பது நிமிடம் தாமதம். நடைமேடையே சலித்துக்கொண்டது.

“அப்பாடா!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் என்னை முறைத்தார். மகள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.