சத்தம் நின்ற பஸ்

டிரைவர் சவுரியப்பன் பஸ்ஸுக்கடியில் மல்லாந்து கிடந்து, பின் அச்சுக்குப் போகும் தண்டை அசைத்தான். விரலளவு ஆடியது. மூன்று மாதமாக அரூர்ச் சாலையில் பஸ் அலறிக்கொண்டேதான் ஓடியது. அதிர்வு பாதத்திலிருந்து முழங்கால்வரை ஏறியது. இறக்கத்தில் கியரை விலக்கி உருளவிட்டும் சத்தம் அடங்கவில்லை. அப்படியானால் கோளாறு பின்னால், பல்சக்கரப் பெட்டியில்தான்.

"பேரிங் போயிருக்குது தீர்த்தகிரி. பல்லு ஒடஞ்சா சக்கரம் பூட்டிக்கும்."

"யுத்த காலத்துல பேரிங்குக்கு எங்கண்ணே போறது? மொதலாளிகிட்ட சொல்றேன்" என்றான் மெக்கானிக். எட்டு வருஷமாக ஒரே ஷெட்டில் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்.

மாசித் தேருக்கு இரண்டு நாள் முன்பு சத்தம் நின்றுவிட்டது. "சேலத்துலேர்ந்து பேரிங் வந்துதுண்ணே. நேத்து நீ லீவுல இருந்தப்ப மாட்டிட்டேன்" என்றான் தீர்த்தகிரி. சவுரியப்பன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

தேரன்று காலை தீர்த்தமலைக்குக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு மாட்டுவண்டி கடந்தது. அதில் தீர்த்தகிரியின் மனைவி செல்லி, மடியில் பிள்ளைகள்.

"ஏம்மா, நம்ம பஸ்ஸுல உங்ககிட்ட டிக்கெட்டா கேக்கப் போறாங்க?"

"அவருதாங்க வேணாம்னாரு. இந்த வாரம் பஸ்ஸுல ஏறவே கூடாதாம்."

சவுரியப்பன் ஸ்பேனரோடு அடியில் நுழைந்தான். பெட்டியின் அடைப்பைத் திருகியதும் கொழகொழவென்று வழிந்தது. உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தான். எண்ணெயில் ஊறிய மரத்தூள். அடைப்பை மறுபடி முடுக்கிவிட்டு வெளியே வந்து, தீர்த்தகிரியிடம் கையை நீட்டினான்.

"என்னடா இது?"

தீர்த்தகிரி தரையைப் பார்த்தான். "சத்தத்த அமுக்கத்தாண்ணே. தேர் முடியறவரைக்கும் தாங்கும்னு மொதலாளி..."

"உம் பொண்டாட்டி புள்ளைக்குத் தாங்காதோ?"

முதலாளி வந்து சேர்ந்தார். "சத்தம் சத்தம்னு நீதானே பொலம்புன? இப்ப சத்தமில்ல. ஓட்டறியா, எறங்கறியா?"

"ஓட்டமாட்டேங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினான். "எல்லாரும் எறங்கிடுங்க! வண்டி சரியில்ல!"

"நேத்து இதுலதானய்யா வந்தேன், தேராட்டம் வந்துச்சு" என்றார் ஒருவர். "யோவ், சாமி உனக்காகக் காத்திருக்குமா?" என்றது இன்னொரு குரல். பஸ்ஸே சிரித்தது.

"காக்கிச் சட்ட கம்பெனியோடது" என்றார் முதலாளி. "கழட்டு. தீர்த்தகிரி, உனக்குந்தான் லைசன்ஸ் இருக்குதே. போட்டுக்க."

சவுரியப்பன் கழற்றிக் கொடுத்தான். தீர்த்தகிரி பித்தானைத் துளை மாற்றிப் போட்டுக்கொண்டு ஏறினான். சவுரியப்பனின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வெற்று மார்போடு சவுரியப்பன் நின்றான். பஸ் அலுங்காமல் நகர்ந்தது. பின் அச்சுக்கு நேர்மேலே உட்கார்ந்திருந்த ஒருத்தியின் தோளில், கைக்குழந்தை அதற்குள் தூங்கிவிட்டிருந்தது.